வால் ஏன் மேலே போகிறது?

தமிழில் பயந்தவன் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுவான். அமெரிக்க ஆங்கிலத்திலோ, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். 'ஹைடெயில்' என்று ஒரு வினைச்சொல். ஹை என்றால் உயரம், டெயில் என்றால் வால். சட்டென்று இடத்தைக் காலி செய்வது என்று பொருள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், அமெரிக்க மேற்குப் பகுதி மாட்டுப் பண்ணைகளில் புழங்கத் தொடங்கிய கொச்சைச் சொல் இது.

மாடு மேய்த்தவர்கள் வாலைப் பிடித்துச் சொல் செய்ததில் வியப்பில்லை. கட்டை அவிழ்த்ததும் கன்றுக்குட்டி வாலை நட்டுக்கொண்டு பாய்வதை நாமே பார்த்திருக்கிறோம். குதிரையும் அப்படித்தான், பரபரப்பு ஏறினால் வால் எழுந்துவிடும்.

பண்ணைகளில் இன்னொரு கூத்தும் உண்டு. அமைதியாக மேய்ந்துகொண்டிருக்கும் மாடு திடீரென்று வாலைத் தூக்கிக்கொண்டு, கண்மண் தெரியாமல், தண்ணீரையோ நிழலையோ தேடி ஓடும். துரத்துவது யார் என்று பார்த்தால், தேனீ மாதிரி ரோமம் அடர்ந்த ஓர் ஈ. ஹைப்போடெர்மா இனத்தைச் சேர்ந்தது. மாட்டுக்காரர்கள் வைத்த பெயர் 'குதிகால் ஈ'. வேடிக்கை என்னவென்றால், அதற்குக் கடிக்கவே தெரியாது. வளர்ந்த ஈக்கு வேலை செய்கிற வாய்கூடக் கிடையாது. மாட்டின் கால் ரோமத்தில் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும், அவ்வளவுதான். வில்லங்கம் அப்புறம்தான். முட்டையிலிருந்து வெளிவந்த புழு தோலைத் துளைத்து உள்ளே போய், உடம்புக்குள்ளேயே மாதக்கணக்கில் பயணம் செய்து, முதுகுத் தோலுக்கு அடியில் வந்து சேரும். அங்கே மூச்சுவிட ஒரு ஓட்டை போட்டுக்கொள்ளும். முற்றியதும் அந்த ஓட்டை வழியாகவே வெளியேறித் தரையில் விழும். தோலும் பாழ். ஓடுகிற மாட்டுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. ஆனாலும் ஓடுகிறது.

காட்டுக்குள் போனால் வெள்ளைவால் மான். அதன் வால் மேலே பழுப்பு, அடியில் பளிச்சென்ற வெள்ளை. மிரண்டு ஓடும்போது வாலை உயர்த்தினால் வெள்ளைக் கொடி காட்டின மாதிரி இருக்கும். ஒளிய வேண்டிய பிராணி இப்படியா தன்னைக் காட்டிக்கொடுக்கும்? கூட்டத்துக்கு எச்சரிக்கை என்று சொல்லலாம், குட்டி தாயைப் பின்தொடர உதவும் என்றும் சொல்லலாம். ஆனால் தனியாக இருக்கும் மானும் வாலைத் தூக்குகிறதே! அதனால், அது துரத்த வருகிறவனுக்கான சேதி என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது: 'உன்னைப் பார்த்துவிட்டேன், இனி பதுங்கிப் பயனில்லை.' பதுங்கிப் பாயும் வேட்டை விலங்குக்கு அது தெரிந்துவிட்டால் வீண் ஓட்டம் மிச்சம். மானுக்கும் மிச்சம்.

நம் மொழி வழக்கு நாயிடமிருந்து வந்தது. பயந்த நாய் வாலைக் கால்களுக்கு இடையில் செருகும்போது, தன்னை அடையாளம் காட்டும் வாசனைச் சுரப்பிகள் மூடிக்கொள்கின்றன. மற்ற நாய்கள் மோப்பம் பிடிக்க முடியாது. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நழுவுவது போல.

அமெரிக்க வேட்டைக்காரர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: குண்டடி பட்ட மான் பெரும்பாலும் கொடி காட்டாதாம். நம்மூர் வாக்கில், வாலை அடக்கிக்கொண்டுதான் ஓடுமாம்.