கிலோமீட்டரை வகுத்தால் பயண நேரம் வராது

விமான டிக்கெட் எடுக்க வருகிறவர்களில் பலர், தூரத்தை இணையத்தில் பார்த்து மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்து, விடையோடுதான் வருகிறார்கள். வகுத்தலில் பிழை இருப்பதில்லை. ஆனால் அந்த விடையை நம்பிக் கல்யாணத்துக்கோ நேர்முகத் தேர்வுக்கோ நாள் குறித்துவிடுகிறார்களே, அதுதான் சிக்கல்.

இணையம் காட்டுவது பூமியின் மேல் இரு நகரங்களை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். விமானம் அதன் மேலேயே பறப்பதில்லை. லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகும். திரும்பும்போது மேல்வானில் கிழக்கு நோக்கி வீசும் வேகக்காற்று தள்ளிவிடுவதால் ஒரு மணி நேரமாவது மிச்சமாகும். 2022-இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரமாக இருந்த பயணம் சுமார் 13 மணி நேரமாக நீண்டது.

இதையெல்லாம் விமான நிறுவனமே கணக்கிட்டு அட்டவணை போட்டுவிடும். பயணி தடுமாறுவது கடிகாரத்தில்தான். டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள். ஜூலையில் ஆக்லாந்தில் இரவு 7.30-க்கு ஏறி 12 மணி நேரம் பறந்தால், லாஸ் ஏஞ்சலஸில் இறங்கும்போது அதே தேதியில் பகல் 12.30. டிக்கெட்டைப் பார்த்தால், புறப்படும் முன்பே போய்ச் சேர்ந்ததுபோல இருக்கும்! கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும் வழக்கம் இரு ஊர்களிலும் உண்டு; ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸில் கோடை, ஜனவரியில் ஆக்லாந்தில் கோடை. அதனால் ஜனவரியில் இரு ஊர்களிலும் கடிகாரம் மாறியிருக்கும். அதே பயணம் காலை 10.30-க்கு முடியும்.

இன்னொன்றை ஒவ்வொருவரிடமும் விரலால் தொட்டுக் காட்டிச் சொல்கிறேன். 15-ஆம் தேதி 00.30 என்று அச்சாகியிருந்தால், விமான நிலையத்தில் இருக்க வேண்டியது 14-ஆம் தேதி இரவு. 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றவர்கள் உண்டு. படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

உண்மையில் நேரத்தைத் தின்பது, நடுவில் விமானம் மாறும் இடம். சிங்கப்பூர்–நியூயார்க் சுமார் 15,300 கிலோமீட்டர். இடைநில்லா விமானம் 19 மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. அதில் பாதித் தூரத்துக்கு இரண்டு இடங்களில் மாறி ஒரு முழு நாளைத் தொலைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே, பறக்கும் நேரத்தைக் கேட்காதீர்கள். காத்திருப்பையும் சேர்த்த மொத்தப் பயண நேரத்தைக் கேளுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை ஒட்டுப்போடுகிறவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். பெரும்பாலும் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும்; வெளியே வர அந்த நாட்டின் விசா தேவைப்படலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் வேறு இருக்கை தரக் கடமைப்பட்டதல்ல. ஒரே முன்பதிவாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்தான் என்றால், நடுவில் ஒரு இரவு தங்குவதாகத் திட்டமிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.