"கை கழுவுறது மட்டும் குறையலை மேடம்"

மனநல ஆலோசகரான என்னிடம் வந்த ஒருவர், கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். (இதில் வரும் எல்லோருடைய அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.) முதல் இரண்டு முறையும் பச்சைத் தேயிலை விலை, உரச் செலவு, கொழுந்து பறிக்க ஆள் கிடைக்காதது என்றே பேசினார். நான் குறுக்கே போகவில்லை. மூன்றாவது முறை கம்பளிக் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்து, அதன் விளிம்பைத் திருகிக்கொண்டே, "பையன் போன் பண்றதே இல்லம்மா" என்றார். அப்புறம் வெகுநேரம் இருவரும் பேசவில்லை. அவருக்குப் புத்தி சொல்ல ஊரில் பத்துப் பேர் உண்டு, இதைச் சொல்ல இடம்தான் இல்லை.

புத்தி சொல்லாமல், வருபவர் பேசுவதைப் பரிவோடு கேட்கும் நபர் மையச் சிகிச்சையின் பலம் இதுதான். இதை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ், வருபவரை 'நோயாளி' என்று அழைக்கவே விரும்பவில்லை. ஆலோசகர் பூச்சில்லாமல் உண்மையாக இருப்பது, வருபவரை நிபந்தனையின்றி ஏற்பது, அவர் இடத்தில் நின்று புரிந்துகொள்வது ஆகியவற்றை மாற்றத்துக்குத் தேவையானவை, போதுமானவை என்று 1957-இல் எழுதினார். 'தேவையானவை' சரி. 'போதுமானவை' என்பதில்தான் எனக்குத் தகராறு.

காரணம், குன்னூரிலிருந்து வந்த ஓர் இளம்பெண். உறையும் குளிரிலும் நாளுக்கு நாற்பது தடவை கை கழுவுவாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். நான் பரிவோடு கேட்டேன், கேட்டேன், மாதக்கணக்கில் கேட்டேன். ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "உங்ககிட்ட பேசினா மனசு லேசாகுது. கை கழுவுறது மட்டும் குறையலை மேடம்." இது ஓசிடி, வேண்டாத எண்ணமும் அதை அடக்கச் செய்யும் செயலும் திரும்பத் திரும்ப வரும் மனநோய். அதற்கு வேறு பயிற்சி வேண்டும்: அழுக்கு என்று மனம் அரற்றும்போதும் கழுவாமல் இருந்து, படிப்படியாகப் பழகுவது. சிலருக்கு மாத்திரையும் வேண்டும். மனநல மருத்துவரிடம் முன்பே அனுப்பியிருக்க வேண்டும். தவறு என்னுடையது.

காதில் குரல் கேட்கிறது என்பவருக்கும் மருத்துவர் வேண்டும். சாக வேண்டும் போலிருக்கிறது என்பவரிடம் தலையாட்டிக்கொண்டு உட்கார முடியாது. நேராகக் கேட்க வேண்டும், வீட்டாரை அழைக்க வேண்டும், தனியாக விடக் கூடாது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், இரவும் பகலும் எடுப்பார்கள்.

இன்னொன்று. வழி சொல்லாதே என்று எங்களுக்குப் பாடம். கூடலூரிலிருந்து வந்த ஒரு பாட்டி, புருஷனை இழந்தவர், "ஒரு வழி சொல்லு தாயி" என்றார். "உங்களுக்கு என்ன தோணுதும்மா?" என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"அது தெரிஞ்சா ரெண்டு பஸ் மாறி எதுக்கு வர்றேன்?"

அன்று உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் என்னென்ன தாள் கேட்பார்கள் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, அதன்பிறகுதான் அழுதார்.