மழைக்காக வாங்கும் டயரை வெயில் தின்றுவிடுகிறது

சென்னையில் வருடத்தின் பெரும்பகுதி டயர் காய்ந்த ரோட்டில்தான் ஓடுகிறது. உண்மையான மழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும். அதனால் டர்போ இன்ஜின் கார் வைத்திருப்பவர்கள் பலரும் டயர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "கார்னரிங்ல எது நல்லா பிடிக்கும்?" என்பதுதான். 150 குதிரைத்திறன் காரைச் சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் காய்ந்த தாரில் ஓட்டுவதற்குப் பெயர் பெற்ற எந்தக் கம்பெனியின் டயரும் போதும். டயருக்கு டயர் வித்தியாசம் தெரிவது நனைந்த ரோட்டில். ஆகவே காசு கொடுப்பது அந்த இரண்டு மூன்று மாதங்களுக்காகத்தான். மீதி மாதங்கள் முழுக்க, கொதிக்கும் தார் அதே டயரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. புதிதில் பார்க்கக் கம்பீரமாக இருந்த டயர், ஐப்பசியில் முதல் அடைமழை வரும்போது பாதிப் பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள்) போன டயர். தேர்வு செய்யும்போது இந்தப் பாதி தேய்ந்த நிலையைத்தான் மனதில் வைக்க வேண்டும்.

ஒரு வினாடிக்கு எவ்வளவு தண்ணீர்

205 மி.மீ. அகல டயர், ரோட்டில் 3 மி.மீ. தண்ணீர், 80 கி.மீ. வேகம். பெருக்கிப் பார்த்தால் முன்பக்க டயர் ஒவ்வொன்றும் வினாடிக்குச் சுமார் 13.7 லிட்டர் தண்ணீரைத் தள்ளி வழி உண்டாக்க வேண்டும். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் வாட்டர் கேனில் முக்கால் கேனுக்குக் கொஞ்சம் குறைவு. 100 கி.மீ. போனால் 17 லிட்டர். இந்தத் தண்ணீர் பக்கவாட்டிலும், டயரைச் சுற்றி ஓடும் மூன்று நான்கு பெரிய பள்ளங்கள் வழியாகவும்தான் வெளியேற முடியும். புது டயரில் பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ 8 மி.மீ. அது 3 மி.மீ. ஆனபோது வடிகாலின் கொள்ளளவு பாதிக்கும் கீழே போய்விட்டது. வெளியேற முடியாத தண்ணீர் டயருக்கு அடியில் புகுந்து அதைத் தூக்குகிறது. ஸ்டியரிங் திடீரென்று இலேசாகும். பிரேக்கை மிதித்தாலும் பெரிய பயன் இருக்காது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்ய ரோடு டயரைத் தொட்டிருக்க வேண்டும்.

சட்டப்படி காருக்குக் குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ. பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சின்ன மேடு அதைக் காட்டும் அடையாளம். காய்ந்த ரோட்டுக்கு அது சரி. வேகமாகப் போகும் காருக்கு, நம் மழைக்கு, 3 மி.மீ. வந்ததுமே மாற்றிவிடுங்கள் என்பதுதான் எங்கள் பரிந்துரை.

காற்று அழுத்தமும் இதில் பங்கு கேட்கிறது. 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்து ஒரு சூத்திரம் கண்டார்கள். காற்று அழுத்தத்தின் அளவான பிஎஸ்ஐயின் வர்க்கமூலத்தை 16.7 ஆல் பெருக்கினால், வெள்ளம் நிற்கும் ஓடுபாதையில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் கி.மீ. கணக்கில் வரும். 33 பிஎஸ்ஐ என்றால் 96, 25 என்றால் 83. கார் டயரில் பட்டனின் ஆழம், தண்ணீரின் ஆழம், டயரின் அகலம் எல்லாம் சேர்வதால் இதே எண் அப்படியே வராது. ஆனால் திசை மாறாது: காற்று குறைந்தால் டயர் சீக்கிரம் மிதக்கும். "மழைக்குக் கொஞ்சம் காத்தைக் குறைச்சா கிரிப் வரும்" என்பது மணலில் ஓட்டுகிறவர்களிடமிருந்து தவறாக வந்து ஒட்டிக்கொண்ட யோசனை.

அகலம் என்னும் ஆசை

நடுத்தர செடான்களில் சகஜமான 205/55 ஆர்16 அளவை எடுத்துக்கொள்வோம். 205 மி.மீ. அகலம், பக்கச்சுவர் அதில் 55 சதவீதம், அதாவது 113 மி.மீ.; ரிம் 16 இன்ச். மொத்த விட்டம் 632 மி.மீ. இதை 225/45 ஆர்17 ஆக்கினால் விட்டம் 634 மி.மீ. ஸ்பீடோமீட்டர் ஏமாறாது, ஃபெண்டரிலும் பெரும்பாலும் உரசாது. அதனால்தான் கடையில் தயங்காமல் "போட்டுக்கலாம் சார்" என்கிறார்கள்.

கணக்கில் வராதது இரண்டு. அதே எடையுள்ள காரில் 10 சதவீதம் அகலமான டயர் 10 சதவீதம் கூடுதல் தண்ணீரைத் தள்ள வேண்டும். ரோட்டில் பதியும் தடமும் அகலமாகி நீளம் குறைவதால் தண்ணீர் விலக நேரம் குறைகிறது. இரண்டாவது, பக்கச்சுவர் 113லிருந்து 101 மி.மீ. ஆகிவிட்டது. மழை நாளில் வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் தேங்கிய தண்ணீருக்குள் பள்ளம் எங்கே என்று யாருக்குத் தெரியும்? விளிம்பில் இடித்தால் உள்ளே இருக்கும் நூல் அறுந்து, மறுநாள் சுவரில் எலுமிச்சம்பழம் போலப் புடைப்பு நிற்கும். அதை ஒட்ட முடியாது, டயரையே தூக்கிப் போட வேண்டியதுதான். கார் கம்பெனி கொடுத்த அளவிலேயே இருந்துகொண்டு, மிச்சமாகும் காசில் ஒரு தரம் மேலான டயர் வாங்குவது மழையில் எப்போதும் லாபம். அழகுக்காக 17 இன்ச் வேண்டும் என்பவர்களுடன் வாதாடிப் பயனில்லை. குறைந்தபட்சம் அகலத்தையாவது ஏற்றாதீர்கள்.

எந்த ரகம்

நமக்கு வேண்டியது "சம்மர்" ரக டயர். பெயரைக் கேட்டு மழைக்கு ஆகாது என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மை நேர் எதிர்: ஈரத் தாரில் வெப்பமான நாட்டுக்கு நல்ல சம்மர் டயர்தான் சிறந்தது. அதன் பலவீனம் குளிர். சுமார் 7 டிகிரிக்குக் கீழே ரப்பர் இறுகிவிடும். மார்கழி விடியலிலும் சென்னை அதன் பக்கத்தில் போவதில்லை. ஊட்டியில் ஜனவரி அதிகாலையில் போகும். அங்கே இரண்டு நாள் மெதுவாக ஓட்டினால் போயிற்று, அதற்காக டயர் வாங்க வேண்டாம். "ஆல் சீசன்" என்பதில் உள்ள சீசன் பனிக்காலம், நம்முடைய மழைக்காலம் இல்லை. மலையும் பனிச்செதிலும் பொறித்த சின்னம் உள்ள டயர், பனியில் நெகிழ்வாக இருக்கச் செய்யப்பட்டது. நம் சூட்டில் அதன் பட்டன்கள் வளைந்து நெளிந்து வேகமாகத் தேயும்.

எதிர்க் கோடியில் டிராக் டயர்கள். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு வார இறுதியில் போகிறவர்கள் வாங்கும் வகை. பள்ளங்கள் குறைவு, ஆழமும் குறைவு. சூடான காய்ந்த தாரில் பசை போலப் பிடிக்கும். ஜிஎஸ்டி ரோட்டில் தண்ணீர் நின்றால் அதே டயர் சறுக்குமரம். அதற்கென்று தனி ரிம் செட் வைத்திருந்தால் சரி, இல்லாவிட்டால் வேண்டாம்.

சுவரில் பல டயர்களுக்கு மூன்று அமெரிக்கத் தரக்குறிகள் இருக்கும். ட்ரெட்வேர் எண் ஆயுளைச் சொல்வது. 200 என்றால் டிராக் பக்கம், 300 சுற்றில் தெருவில் ஓட்டும் பெர்ஃபார்மன்ஸ் வகை, 500க்கு மேல் நீண்ட உழைப்பு. அந்த எண்ணைக் கம்பெனியே கொடுத்துக்கொள்வதால் இரண்டு கம்பெனிகளை ஒப்பிட உதவாது. ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிடலாம். டிராக்‌ஷன் குறியில் ஏஏ உச்சம், பிறகு ஏ, பி, சி. இது நனைந்த தாரிலும் கான்கிரீட்டிலும் நேர்கோட்டு பிரேக்கிங்கை மட்டும் அளக்கிறது. வளைவில் பிடிப்பதையோ தண்ணீரில் மிதப்பதையோ அளப்பதில்லை. டெம்பரேச்சர் குறி சூட்டைத் தாங்குவது; நமக்கு ஏ இல்லாமல் வாங்கக் கூடாது. உதாரணத்துக்கு, மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயரில் 300, ஏஏ, ஏ என்று இருக்கும். ஐரோப்பிய லேபிள் கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் ஈரப்பிடிமானத்துக்கு ஏ முதல் ஈ வரை தனி வரிசை உண்டு. இந்திய ஸ்டார் லேபிளில் நட்சத்திரங்கள் எரிபொருள் சிக்கனத்துக்கு; ஐந்து நட்சத்திரம் என்பதால் மழையில் நிற்கும் என்று பொருளில்லை.

கடையில் பார்க்க வேண்டியவை

2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. லைசென்ஸ் இல்லாமல் கொண்டுவர முடியாது. 18, 19 இன்ச் அளவுகளில் சில நேரம் கிடைப்பதே அரிது, கிடைப்பது பழைய சரக்காகவும் இருக்கும். டாட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23வது வாரம். பல டயர்களில் இது ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இருக்கும், மாட்டிய பிறகு உள்பக்கம் போய்விடலாம். ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே நான்கு டயரையும் புரட்டிப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் பழையது என்றால் விலையில் பேசுங்கள், மூன்று வருடம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். லோட் இண்டெக்ஸும் (தாங்கும் எடைக்கான எண்) வேக எழுத்தும் கார் கம்பெனி கொடுத்ததைவிடக் குறையக் கூடாது. 91வி என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ, 240 கி.மீ.

மாட்டும்போது நடக்கும் தவறுகள்தான் எங்களுக்கு அடிக்கடி வரும் வேலை. பட்டன் அம்புமுனை போல இருக்கும் டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். தலைகீழாக மாட்டினால், வெளியே தள்ள வேண்டிய தண்ணீரை அந்தப் பள்ளங்கள் நடுவுக்கு இழுத்துக் கொடுக்கும். காய்ந்த ரோட்டில் ஒன்றும் தெரியாது. இருபுறமும் வேறு வேறு வடிவம் உள்ள டயரில் "அவுட்சைடு" என்ற எழுத்து வெளியே தெரிய வேண்டும். வீல் போல்ட்டை ஏர் கன் கொண்டு முறுக்கி அனுப்ப விடாதீர்கள். மேனுவலில் உள்ள அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு முடிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியவை பின்னால் போக வேண்டும், முன்சக்கரத்தில் இழுக்கும் காரானாலும். இதற்கு எல்லோரும் முகம் சுளிப்பார்கள். முன் டயர் மிதந்தால் கார் நேராகப் போகும், ஆக்ஸிலேட்டரை விட்டால் பிடிப்பு திரும்பும். பின் டயர் மிதந்தால் வால் சுழன்றுவிடும், அதைத் திருத்தும் ஓட்டுநர்கள் மிகச் சிலர். முதல் 200, 300 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள், அச்சிலிருந்து எடுக்கப் பூசும் வழுக்குப் பொருள் மேற்பரப்பில் இருக்கும்.

செப்டம்பரில் செய்ய வேண்டிய வேலை

ஆழம் அளக்கும் கேஜ் மலிவானது. ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து, உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என்று மூன்று பள்ளத்திலும் அளக்க வேண்டும். காரைத் தாழ்த்தியவர்களுக்கு உள்பக்கம் மட்டும் தேய்ந்து, வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிது போலவே இருக்கும். பிறகு பட்டன்மேல் உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலக் கூராகவும் இருந்தால் டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) சரியில்லை, அலைன்மென்ட்டுக்குப் போக வேண்டும். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் தேய்ந்தால் குறைவு.

காற்றைக் காலையில், வண்டி எடுக்கும் முன் பார்க்க வேண்டும். 10 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ கூடும். மதிய வெயிலில் ஓடி வந்த டயரில் 38 காட்டுகிறது என்று 33க்கு இறக்கிவிட்டால், இரவு மழையில் அது 28ல் ஓடும்.

ஸ்டெப்னியை மறந்துவிடுவார்கள். மெலிந்த தற்காலிக ஸ்டெப்னி என்றால் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ, உச்ச வேகம் 80 கி.மீ.; சுவரிலேயே எழுதியிருக்கும். மழையில் கண்ணாடிச் சில்லும் ஆணியும் ஈர ரப்பரில் சுலபமாக இறங்குவதால் அது தேவைப்படும் மாதமும் இதுவே. முன்சக்கரத்தில் இழுக்கும் காரில் முன் டயர் பஞ்சரானால், பின்னால் இருக்கும் நல்ல டயரை முன்னால் கொண்டுவந்து, ஸ்டெப்னியைப் பின்னால் போட்டு, பஞ்சர் கடை வரைக்கும் 50ஐத் தாண்டாமல் போங்கள்.