டிஸ்டோபியா: கெட்ட ஊரா, போலிப் பொன்னுலகா?

கல்லடியில் இருக்கும் அக்காவின் மகள் ஒரு கதையைப் பாதி வாசித்துவிட்டு வந்து கேட்டாள்: "இந்த ஊரில பசியில்ல, சண்டையில்ல, எண்ணெய்க்கு வரிசையில்ல. மறுகா ஏன் மாமா இதை டிஸ்டோபியா என்று போட்டிருக்கு?"

நல்ல கேள்வி. விடை சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது.

1516இல் ஆங்கிலேய எழுத்தாளர் தாமஸ் மோர் தன் நூலில் வரும் கற்பனைத் தீவுக்கு 'யுட்டோபியா' என்ற பெயரை உருவாக்கினார். கிரேக்கத்தில் 'ஊ' என்றால் இல்லை, 'டொபோஸ்' என்றால் இடம். ஆக, இல்லாத ஊர். 'நல்ல' என்று பொருள்படும் 'எயு'வும் அதே ஓசையில் ஒளிந்திருப்பதால் நல்லூர் என்றும் கேட்கும். 'டிஸ்' என்பது கெட்டது, கோளாறானது. ஆக, டிஸ்டோபியா என்றால் கெட்ட ஊர். டிசென்ட்ரியில் வருவதும் இதே முன்னொட்டுத்தான். 1868இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில், அயர்லாந்து பற்றிய விவாதத்தில், மெய்யியலாளரும் உறுப்பினருமான ஜோன் ஸ்டுவர்ட் மில் அரசாங்கத்தாரை 'டிஸ்டோபியர்' என்றார். நடைமுறைக்கு ஒவ்வாத அளவு நல்லதை விரும்புகிறவர் யுட்டோபியர். நடைமுறைக்கு ஒவ்வாத அளவு கெட்டதை விரும்புகிறவர்கள் இவர்கள் என்பது அவர் வாதம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்த விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு பக்கத்தில் இருக்க, 'டிஸ்டோபியா' என்றே எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. 'கேட்டுலகு' என்பது பொதுவாகப் பொருந்தும். பஞ்சமும் அடக்குமுறையும் வெளியிலேயே தெரியும் கதைக்கு அது போதும். மருமகள் வாசித்த வகைக்குப் போதாது. அங்கே கேடு மறைந்திருக்கிறது. வட்டையில் சப்பியும் தூரத்துக்கு நெல்தான். கையில் எடுத்து நசித்தால்தான் உள்ளே அரிசி இல்லை என்று தெரியும். அப்படி நசித்துப் பார்க்கிறவர் இந்தக் கதைகளில் பெரும்பாலும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை. பெரியவர்கள் பழகிப்போய்க் கேளாமல் விட்டதை அந்தப் பிள்ளை கேட்கும்: இந்த ஊரில் கிழவர் ஏன் ஒருவரும் இல்லை?

ஆகவே இந்த வகைக்கு 'போலிப் பொன்னுலகு' என்பதே என் தெரிவு. பொன்னுலகு நமக்குப் பழகிய சொல். 'போலி' என்ற ஒன்றே மீதிக் கதையைச் சொல்லிவிடும்.

கருத்தும் நமக்குப் புதிதல்ல. 'நாடு' அதிகாரத்தின் கடைசிக் குறள்:

"ஆங்கமை வெய்தியக் கண்ணும் பயமின்றே
வேந்தமை வில்லாத நாடு."

எல்லா வளமும் நிறைந்திருந்தாலும் ஆட்சி சரியாக அமையாத நாட்டால் பயனில்லை. இதைச் சொன்னதும் மருமகள் மீதிக் கதையை வாசிக்கப் போய்விட்டாள்.