எஸ்எம்பிஎஸ்: தமிழில் மின்வழங்கி

எல்இடி ஸ்ட்ரிப் (நாடா போன்ற விளக்குப் பட்டை) வாங்கப் போனால் கடைக்காரர் கேட்பது, "எஸ்எம்பிஎஸ் இருக்கா?" உடம்பெல்லாம் ஓட்டை போட்ட அந்தத் தகரப் பெட்டியை அடாப்டர், டிரைவர் என்றும் சொல்கிறார்கள்.

விரித்தால் ஸ்விட்ச்டு மோட் பவர் சப்ளை. சில பெட்டிகளின் பக்கவாட்டில் 115, 230 என்று தள்ளும் பொத்தான் இருக்கும். அதுதான் இந்த ஸ்விட்ச் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, பெயரில் உள்ள ஸ்விட்ச் பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர். 230 வோல்ட் மாறுமின்சாரம் உள்ளே நேர்மின்சாரமாகிறது. அதை டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் தடவை விட்டுவிட்டு அனுப்புகிறது. அந்த வேகத்தில் வோல்ட்டைக் குறைக்கச் சின்ன மின்மாற்றியே போதும். பேட்டரிக்குப் பதில் செருகிய பழைய எலிமினேட்டர் கனத்ததும், இது கைக்கு லேசாக இருப்பதும் அதனால்தான்.

ஆங்கிலத்தில் ஸ்விட்ச் முதலில் மெல்லிய பிரம்பைக் குறித்தது. பிறகு ரயில் தடம் மாற்றும் அமைப்பை, அப்புறம்தான் மின்சாரத்தை. சப்ளைக்கு வேர், 'நிரப்பு' என்னும் லத்தீன் வினை.

தமிழில் முழுப்பெயர் நிலைமாற்று மின்வழங்கி. ஸ்விட்சுக்கு இலங்கையில் ஆளி என்ற அழகான சொல் புழங்குகிறது. அன்றாடத்துக்கு மின்வழங்கி போதும். சிலர் மின்வழங்கல் என்று எழுதுகிறார்கள். அது செயலின் பெயர். கருவிக்கு இகரம் வேண்டும்: வெட்டுவது மண்வெட்டி, தாங்குவது சுமைதாங்கி, வழங்குவது வழங்கி.

இந்தச் சொல் எனக்குப் பிடிக்கக் காரணம், அது ஒரு வீண் பயத்தைப் போக்குகிறது. "30 ஆம்பியர் போட்டால் ஸ்ட்ரிப் எரிந்துவிடாதா?" எரியாது. வோல்ட் பொருந்தினால் சரி. ஆம்பியரை ஸ்ட்ரிப் கேட்கும் அளவுக்குத்தான் மின்வழங்கி தரும். பெட்டியில் எழுதியிருப்பது அதன் உச்சவரம்பு.

ஸ்ட்ரிப் மீட்டருக்கு 14.4 வாட் என்றால் 20 மீட்டருக்கு 288 வாட். சுமைதாங்கியை முழுக்க நிரப்பக் கூடாது. 80 சதவீதத்தோடு நிறுத்தினால் 360 வாட் மின்வழங்கி தேவை. ஸ்ட்ரிப் இழுக்கும் 288 வாட், 12 வோல்ட்டில் 24 ஆம்பியர், 24 வோல்ட்டில் வெறும் 12. பெரிய கூடத்துக்கு நான் 24 வோல்ட்டைத்தான் சொல்வேன்.

ஒருமுறை 10 மீட்டர் வண்ண ஸ்ட்ரிப்புக்கு ஒரே முனையில் 12 வோல்ட் கொடுத்திருந்தார்கள். இந்த முனை பால் வெள்ளை, அந்த முனை ரோஜா நிறம். அந்தக் கடைசி முனையில் வோல்ட்மீட்டர் வைத்தால் 9 வோல்ட்தான். வழியில் செம்பின் தடையே மீதியைத் தின்றுவிட்டது. வெள்ளையில் கலந்திருக்கும் மூன்றில், நீலமும் பச்சையும் சிவப்பைவிட அதிக வோல்ட் கேட்பவை. அதனால் அவை முதலில் மங்கின. 5 மீட்டருக்கு ஒரு தடவை மின்வழங்கியிலிருந்து தடித்த ஒயர் இழுத்ததும் வெள்ளை திரும்பியது.

மின்வழங்கி இரண்டு வைத்தால் ஒன்றின் பிளஸ் மற்றதன் பிளஸோடு சேரக் கூடாது. இரண்டின் பங்கும் சந்திக்கும் இடத்தில் ஸ்ட்ரிப்பின் பிளஸ் தடத்தை வெட்டிவிட்டு, இரண்டுக்கும் தனித்தனிப் பங்கு கொடுங்கள்.