அறிக்கையில் ‘லித்’ என்று இருந்தால்

ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் தொழில். அதைக் கையில் வாங்கும் பலர் முதலில் அதிலுள்ள நீளமான வார்த்தையைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். பல சமயம் அதற்குள் ‘லித்’ என்று ஒரு துண்டு இருக்கும். கிரேக்கத்தில் ‘லித்தோஸ்’ என்றால் கல்.

‘நெஃப்ரோலித்தியாசிஸ்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். நெஃப்ரோஸ் என்றால் சிறுநீரகம், நடுவில் கல், கடைசியில் வரும் ‘இயாசிஸ்’ அப்படியொரு கோளாறு இருப்பதைச் சொல்கிறது. சிறுநீரகத்தில் கல், அவ்வளவுதான். எத்தனை மில்லிமீட்டர், எந்த இடத்தில், சிறுநீரை அடைக்கிறதா என்பதுதான் முக்கியம். அதைப் பக்கத்திலேயே எழுதியிருப்போம். 5 மில்லிமீட்டருக்கும் குறைவான கற்கள் பெரும்பாலும் தானாகவே வெளியேறிவிடும். ஆனால் வலியோடு காய்ச்சலும் குளிர்நடுக்கமும் சேர்ந்தால் கல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறு இரண்டு வார்த்தைகள்: கோலிலித்தியாசிஸ், கோலிடோகோலித்தியாசிஸ். ‘கோலி’ என்பது பித்தம். முதல் வார்த்தையை நாங்கள் எழுதினால் பெரும்பாலும் பித்தப்பைக்குள் கல் என்று பொருள். தொந்தரவு எதுவும் தராத கல்லைப் பல நேரம் அப்படியே விட்டுவிடுவார்கள். இரண்டாவதில் கூடுதலாக நுழைந்திருக்கும் ‘டோகோ’ பித்தநாளத்தைக் குறிக்கிறது. அதாவது, கல் பித்தம் போகும் குழாயில் இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் மஞ்சள் காமாலை வரும், குழாயில் கிருமித் தொற்று வரும், கணையமும் வீங்கலாம். ஒருவர் புது அறிக்கையைப் பார்த்துவிட்டு, போன வருடம் வந்த அதே வார்த்தைதானே என்று மடித்து வைத்துவிட்டார். கண் மஞ்சளான பிறகுதான் திரும்பி வந்தார். அன்றிலிருந்து இந்த வார்த்தையை எழுதினால், சம்பந்தப்பட்டவரிடம் வாய்விட்டும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் ‘லித்தோட்ரிப்சி’. ட்ரிப்சி என்றால் நொறுக்குதல். உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தி சிறுநீரகக் கல்லை உடைக்கும் முறை 1980-இல் மியூனிக்கில் முதல் நோயாளிக்குச் செய்யப்பட்டது. பித்தப்பைக் கல்லையும் அப்படியே உடைத்துவிடலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உடைந்த துண்டுகள் பித்தநாளத்தில் போய் மாட்டிக்கொள்ளலாம். பித்தப்பை அங்கேயே இருப்பதால் மறுபடியும் கல் உண்டாகலாம். அதனால்தான் தொந்தரவு இருந்தால் பொதுவாகப் பித்தப்பையையே எடுத்துவிடுகிறார்கள்.

‘லித்’ இருந்தும் பயப்படத் தேவையில்லாத வார்த்தைகளும் உண்டு. இடுப்புப் பகுதி எக்ஸ்ரேயில் ‘ஃபிளெபோலித்’ என்று வந்தால், சிரைக்குள் பழைய ரத்தக்கட்டி ஒன்று சுண்ணாம்பு படிந்து இறுகியிருக்கிறது என்று பொருள். சிறுநீர்ப் பாதைக் கல் இல்லை, பெரும்பாலும் சிகிச்சையும் தேவையில்லை. பிரசவக் குறிப்பில் வரும் ‘லித்தோடமி பொசிஷன்’ என்பது மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக் கால்களை உயர்த்தி விரித்து வைக்கும் நிலை. அந்தக் காலத்தில் சிறுநீர்ப்பைக் கல்லை வெட்டி எடுக்க அப்படிப் படுக்க வைத்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது.

மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் பைபோலார் நோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிற ஒருவர், பெயரிலேயே கல் இருக்கிறதே, சிறுநீரகத்தில் கல் வருமா என்று கேட்டார். 1817-இல் ஆர்ஃப்வெட்சன் இந்தத் தனிமத்தை ஒரு கனிமத்தில் கண்டறிந்தார். கல்லிலிருந்து கிடைத்ததால்தான் அந்தப் பெயர். மாத்திரை சாப்பிடும்போது ரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகத்தையும் தைராய்டையும் தவறாமல் பரிசோதிக்க வேண்டும். அது வேறு காரணத்துக்காக. பெயருக்குப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், நோய் திரும்பி வந்துவிடலாம்.

கல்லுக்குக் கிரேக்கத்தில் இன்னொரு வேரும் உண்டு: ‘பெட்ரா’, பாறை. பெட்ரோலியம் என்றால் பாறை எண்ணெய். தலை ஸ்கேனில் ‘பெட்ரஸ்’ என்று பார்த்துவிட்டு மூளையில் கல்லா என்று பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உள்காதைச் சுற்றியுள்ள பாறை போன்ற எலும்பின் பெயர். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, எல்லோருக்கும் இருக்கிறது.