ஒயில்: சொல் விளக்கம்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாக அக்கரைப்பற்று வரை செல்லும் வீதியோரத்து கராஜ்களிலும் உதிரிப்பாகக் கடைகளிலும் ‘ஒயில்’ என்னும் சொல் ஒரு பொருளைக் குறிப்பதில்லை. எஞ்சின் ஒயில், கியர் ஒயில், பிரேக் ஒயில், ஸ்டியரிங் ஒயில் என்று தன்மையால் வேறுபட்ட திரவங்கள் பலவற்றுக்கும் அதுவே பின்னொட்டாக நிற்கிறது. இவற்றுள் பிரேக் ஒயில் பெரும்பாலும் எண்ணெயே அன்று. ஒரு வாகனத்தின் நிறுத்தும் ஆற்றல் இந்தப் பெயர்க் குழப்பத்தால் கெடக்கூடும் என்பதால், சொல்லின் வரலாற்றையும் அதற்கு நிகரான தமிழ்ச் சொற்களையும் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

தமிழகத்தில் ‘ஆயில்’ என்றும் இலங்கையில் ‘ஒயில்’ என்றும் எழுதப்படும் இச்சொல் ஆங்கில வழி வந்தது. அதன் மூலம் இலத்தீனின் ‘ஓலியும்’, அதற்கும் முந்தியது கிரேக்கத்தின் ‘எலையோன்’. இரண்டும் முதலில் ஒலிவ எண்ணெயை மட்டுமே குறித்தன. எழிலையும் நடையழகையும் குறித்து, ஒயிலாட்டம் என்னும் பெயரில் வழங்கும் தமிழ் ‘ஒயில்’ வேறு சொல். எழுத்து ஒன்றாக இருப்பது தற்செயலே. நம்முடைய ‘எண்ணெய்’ எள், நெய் என்னும் இரண்டும் சேர்ந்து பிறந்தது. எள்ளின் நெய்யைக் குறித்த சொல் பின்னர் எல்லா வித்துக்களின் நெய்க்கும் பொதுப்பெயராகிவிட, எள்ளின் எண்ணெயை ‘நல்லெண்ணெய்’ என்று பிரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. நிலத்தடியிலிருந்து எடுத்த பொருளிலிருந்து வந்தது மண்ணெண்ணெய் ஆனதும் இந்தப் பொதுமையால்தான்.

உராயும் பாகங்களுக்கு இடையே இடும் எண்ணெய்க்குத் தமிழில் பழைய சொல் உண்டு. மாட்டுவண்டியின் அச்சில் சில்லு தேயாமலும் கிரீச்சிடாமலும் சுழல்வதற்குப் பூசிய, வைக்கோற் கரியும் எண்ணெயும் குழைத்த மைக்கு ‘மசகு’ என்று பெயர். தமிழகத்தில் ‘மசகு எண்ணெய்’ இன்றும் இந்தப் பொருளிலேயே வழங்குகிறது. இலங்கைச் செய்தித்தாள்களிலோ, சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கப்பலில் வந்து சேரும் சுத்திகரிக்கப்படாத எண்ணெய்க்கே ‘மசகு எண்ணெய்’ என்று பெயர். இதனால் ஒரே சொற்றொடர் கடலின் இரு கரைகளிலும் இரு பொருள் தருகிறது. ‘உராய்வு நீக்கி’ என்னும் மாற்றுச் சொல்லும் இங்கே வழக்கில் உள்ளது. ஆனால் எஞ்சினுக்குள் இருக்கும் எண்ணெய் உராய்வை நீக்கிவிடுவதில்லை, குறைக்கிறது. அத்துடன் வெப்பத்தைக் கொண்டுசெல்கிறது, கரியை ஏந்திக்கொள்கிறது, பிஸ்டன் வளையங்களின் இடைவெளியை அடைக்கிறது. இத்தனை வேலையையும் ‘உராய்வு நீக்கி’ சொல்லிவிடாது. ஆகவே ‘எஞ்சின் மசகு’, ‘கியர் மசகு’ என்று சொல்வதையே நான் விரும்புகிறேன். ‘எண்ணெய்’ என்பதைச் சேர்க்காமல் விட்டால் கப்பலில் வரும் சுத்திகரிக்கப்படாத எண்ணெயோடு மயங்கவும் இடமில்லை.

மசகின் தடிப்பைக் குறிக்கும் இலக்கங்களை அமெரிக்காவின் வாகனப் பொறியியலாளர் சங்கம் 1911இல் வகுக்கத் தொடங்கியது. போத்தலின் மேல் 20டபிள்யூ-50 என்றிருந்தால் ‘டபிள்யூ’ என்னும் எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள இலக்கம் குளிரில் மசகு எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதையும், பின்னுள்ளது 100 பாகை செல்சியஸில் அதன் தடிப்பையும் காட்டுகின்றன. நம் பகுதி வெக்கைக்குத் தடித்த மசகே நல்லது என்று பலர் நம்புகின்றனர். ஆனால் சூடேறிய எஞ்சினின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் அதைக் குளிர்விக்கும் தொகுதிதான், வெளியில் அடிக்கும் வெயில் அன்று. 0டபிள்யூ-20 கேட்கும் ஹைபிரிட் காரில் 20டபிள்யூ-50 ஊற்றினால், ஒடுங்கிய வழிகளில் மசகு தாமதித்துச் சேரும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

ரேடியேட்டரில் ஊற்றுவதை யாரும் ஒயில் என்பதில்லை. ‘கூலன்ட்’ என்றே சொல்கிறோம், ‘குளிர்த்தி’ என்பது அதற்குப் போதுமான தமிழ். இங்கே நீர் உறைவதில்லை என்பதற்காகக் கிணற்று நீரை மட்டும் ஊற்றக்கூடாது. குளிர்த்தி கொதிநிலையை உயர்த்துகிறது, உட்புறம் துருப்பிடிக்காமலும் காக்கிறது.

இனி, பிரேக் ஒயில். “பிரேக்குக்கு ஒயில் தாங்க அண்ணன்” என்று கேட்பவருக்குக் கடைக்காரர் கொடுக்கும் சிறு போத்தலில் டொட் 3 அல்லது டொட் 4 என்று, அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் தரக்குறி அச்சிட்டிருக்கும். இரண்டும் கிளைக்கோல் ஈதர் வகைத் திரவங்கள். நீருடன் கலக்கும், பெயின்ரில் சிந்தினால் அதை உரித்துவிடும். எண்ணெய் இவ்விரண்டையும் செய்யாது. எஞ்சின் மசகைச் சிறிதளவேனும் பிரேக் கலனில் ஊற்றினால், மிதியின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் இறப்பர் வாசர்கள் அதை உறிஞ்சி ஊதிவிடும். கழற்றிப் பார்த்தால் விளிம்பு மடிந்து, தொட்டால் கொழகொழவென்று இருக்கும். பிரேக் இறுகிப்போகலாம், அல்லது மிதித்தும் பிடிக்காமல் போகலாம். குறையை நிரப்ப வேண்டிய அவசரத்தில், “ஒயில்தானே” என்று கைக்கெட்டியதை ஊற்ற இடங்கொடுப்பது இந்தப் பெயர்தான்.

கிளைக்கோல் திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சும். புதிய டொட் 4 குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது. ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஈரக்காற்றில் வாழும் நமக்கு, மூடி திறந்து கிடந்த பழைய போத்தல் பயன்படாது. பல தயாரிப்பாளர்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றனர்.

இதற்கு உரிய பெயர் ‘பிரேக் திரவம்’. ‘தடுப்புத் திரவம்’ என்று முழுத் தமிழாகவும் சொல்லலாம். எனினும் ‘பிரேக்’ இருந்துவிட்டுப் போகலாம், அகற்ற வேண்டியது ‘ஒயில்’ என்பதையே. திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ரோலிக் கிளச் உள்ள வாகனங்களில் ‘கிளச் ஒயில்’ எனப்படுவதும் பெரும்பாலும் இதே திரவந்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அம்பாறை வயல்களில் ஓடும் நான்கு சில்லு உழவு இயந்திரங்களுள் சிலவற்றின் பிரேக் தொகுதி கனிம எண்ணெய்க்கெனவே அமைக்கப்பட்டது. அங்கே ‘பிரேக் ஒயில்’ பிழையான பெயரன்று, டொட் 4 ஊற்றுவதே பிழை. எது வேண்டுமென்பது பெரும்பாலும் கலனின் மூடியிலோ கைநூலிலோ குறிக்கப்பட்டிருக்கும். மூடியில் எழுத்து அழிந்திருந்தால், கைநூலைப் பார்க்கும் வரை எதையும் ஊற்றாதிருக்க வேண்டும்.